காடைக் கறிக்குள் ஒரு சன்னம்

சனிக்கிழமை மத்தியானம். இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவில் மூன்றாம் மாடியில் இருக்கும் குணரத்தினம் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் உரித்த காடைகள் கிடந்தன. மறு பாதியில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஓர் இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கைக் கழற்றி வைத்திருந்தார்கள். மிளகு வாசமும் துவக்கு எண்ணெய் வாசமும் அந்தச் சின்ன அறைக்குள் யார் பெரிது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தன.

"அம்மா, நெஞ்சுச் சதையை விரலால அமத்திப் பாருங்கோ. சன்னம் தட்டுப்பட்டா எடுத்துப் போடுங்கோ. கடிச்சாப் பல்லுப் போயிடும்," என்றாள் பிரசாந்தினி, துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் விட்டு இழுத்தபடி.

சன்னம் என்றால் வேட்டைத் தோட்டாவுக்குள் நிரப்பியிருக்கும் கடுகளவு ஈயக் குண்டு. சுட்ட பறவையைக் கறியாக்குகிற வீட்டில் அதைத் தேடி எடுப்பது அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை.

"இவ்வளவு காலமும் நான் சமைச்சதில ஆருக்கடி பல்லுப் போனது?" என்றாள் தாய் ஞானம்பிகை. "நீ உந்த எண்ணெய்க் கையோட பிரிட்ஜைத் திறக்காதை. அது காணும்."

"நாளைக்கு உறைப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடப்பா," என்று கதிரையில் சாய்ந்திருந்த குணரத்தினம் மனைவியிடம் சொன்னார். "காடையெண்டால் காடை மாதிரி இருக்கவேணும்."

நாளைக்குக் கத்தானியாவில் இருந்து பிரசாந்தினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை விதுரன் அங்கே ஆஸ்பத்திரியில் தாதி வேலை. சம்பந்தம் பேசியவள் பக்கத்து ஊரான பகேரியாவில் இருக்கும் செல்வமலர். பிரசாந்தினி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "வரட்டும், கதைச்சுப் பாப்பம்" என்றாள். அவளுக்கு இருபத்தேழு வயது. பலெர்மோவிலேயே பிறந்தவள். விவசாயம் படித்துப் பட்டம் வாங்கி, மண் பரிசோதிக்கிற ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். தாய் பக்கத்திலும் தகப்பன் பக்கத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். தகப்பன் ஒரு மாடிக் கட்டடத்தில் வாசல் காவல். தாய் வீடு வீடாகப் போய்த் தரை துடைக்கிறவள்.

அந்தத் துவக்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பதினாறாம் நம்பர்த் தோட்டா போடுகிற துவக்கு. நம்பர் கூடினால் தோட்டா சிறுக்கும். வேட்டைக்காரர் வழக்கமாகத் தூக்கும் பன்னிரண்டாம் நம்பரை விடப் பாரம் குறைவு, தோளில் உதைப்பதும் குறைவு. அதன் பிடி வால்நட் மரம். பல கைகள் பிடித்துப் பிடித்துத் தேன் நிறமாகியிருந்தது. பூட்டு இருக்கும் இரும்புத் தகட்டில், கோதுமைத் தாள்களுக்குள் இருந்து எழும்பிப் பறக்கும் ஒரு காடையை யாரோ ஒரு கைதேர்ந்தவன் உளியால் செதுக்கியிருந்தான். இறகுக்கு இறகு கோடு தெரியும். குழல்களை மடக்கித் திறந்தால் பெரிய சத்தம் இல்லை. நல்ல அலுமாரிக் கதவு சாத்துகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அது தோளில் ஏறும்போது பிரசாந்தினிக்குத் தன் கை நீண்டுவிட்டது போல இருக்கும்.

முதலில் அது நின்ஃபாவுடையது. நின்ஃபா போர்கோ வெக்கியோச் சந்தையில் ஒலிவ் காயும் உப்பிட்ட மீனும் விற்கிறவள். அறுபதை நெருங்கிய வயது, தெருமுனை வரை கேட்கும் குரல். துவக்கு அவளுடைய தகப்பனின் தகப்பன் சொல்லிச் செய்வித்தது. அந்தக் குடும்பத்தில் துவக்கு மூத்த ஆண்பிள்ளைக்குத்தான் போகும். நின்ஃபா சின்ன வயதிலேயே தமையனை விட நன்றாகச் சுட்டாள். அது எல்லோருக்கும் தெரியும். தகப்பன் செத்ததும் துவக்கு தமையனுக்கே போனது. அவன் அதை வடக்கே தூரினோ நகரத்துக்குக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேலே போட்டான். ஒரு குருவியைக்கூடச் சுடவில்லை. துரு பிடித்து, பிடி வெடித்த பிறகுதான், "வேணுமெண்டா எடுத்துக்கொண்டு போ" என்றான். நின்ஃபா போய் எடுத்து வந்தாள். தன் செலவில் உயிர் கொடுத்தாள்.

பிறகு அவளுக்குத் தோளில் சத்திரசிகிச்சை. இனித் துவக்கு உதைத்தால் தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மகன் மொண்டெல்லோக் கடற்கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். துவக்கைத் தந்தால் கடைச் சுவரில், மீன் வலைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டலாம், சுற்றுலாச் சனம் படம் எடுக்கும் என்றான். நின்ஃபா அவனைத் திட்டிய திட்டுச் சந்தை முழுக்கக் கேட்டது. அடுத்த வாரமே பிரசாந்தினியைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போய், முறைப்படி துவக்கை அவளுடைய பேருக்கு மாற்றிவிட்டாள்.

இந்தச் சிநேகம் ஒரு நாயால் வந்தது. பிரசாந்தினி படிக்கிற காலத்தில் மண் எடுக்கப் போன வயலில், நின்ஃபாவின் வேட்டை நாய் அவளுடைய சோற்றுப் பொதியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நாயைத் துரத்திப் போனவள் வேட்டையைப் பார்த்துவிட்டு நின்றாள். அதன் பிறகு சும்மா இருக்கவில்லை. சட்டம் படித்துச் சோதனை எழுதினாள், வைத்தியரிடம் கண்ணையும் மூளையையும் காட்டிச் சான்றிதழ் வாங்கினாள், சுடுதளத்தில் போய் மண் தட்டுகளைச் சுட்டுப் பழகினாள். அனுமதிப்பத்திரத்தை யாரும் தூக்கி அவள் மடியில் போடவில்லை. வயலில் அவள் நிற்கிற நிலையைப் பார்த்தால் தெரியும். காடை காலடியில் இருந்து வெடித்தாற்போல் எழும்பும், அவள் பதறமாட்டாள். தாழப் பறந்தால் விட்டுவிடுவாள், ஏனென்றால் நாயும் ஆட்களும் அந்த உயரத்தில்தான் நிற்பார்கள். ஒரு சூடு, விழுந்தால் விழுந்தது. அனுமதித்த அளவுக்கு ஒரு பறவை கூடச் சுட்டதில்லை. சுட்டதை வீணாக்கியதும் இல்லை.

இப்படி ஒரு மகள் இருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும். குணரத்தினமும் ஞானம்பிகையும் என்ன செய்தார்கள்? காடைக் கறியை விரல் சூப்பிச் சாப்பிட்டார்கள். தெரிந்த வீடுகளுக்குச் சட்டியில் போட்டு அனுப்பினார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டால், "சந்தையில வாங்கினது" என்றார்கள்.

துவக்கு முதல்முதல் வீட்டுக்கு வந்தபோது ஞானம்பிகைக்கு உண்மையிலேயே பயம் இருந்தது. விட்டு வந்த ஊரில், போர்க் காலத்தில், துவக்கு என்றால் சோதனைச்சாவடி, சுற்றிவளைப்பு, கூட்டிக்கொண்டு போனவன் திரும்பி வராத வீடு. அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரும்பு அலுமாரிக்குள் பூட்டியிருக்கும் இந்தத் துவக்கு வேறு என்று அவளுக்கு மெல்ல மெல்ல விளங்கிவிட்டது. அலுமாரிக்கு மேலே தூசி தட்டத் தொடங்கினாள். பயம் போய்விட்டது. வெட்கம்தான் போகவில்லை. பெண்பிள்ளை துவக்குத் தூக்குகிறாள் என்றால் ஆர் கட்டுவான் என்ற வெட்கம்.

அன்று பின்னேரம் பிரசாந்தினி தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போனாள். அவள் படி இறங்கிய கையோடு ஞானம்பிகைக்குச் செல்வமலரின் தொலைபேசி.

"அக்கா, நாளைக்கு வாற மாப்பிளையின்ர தாய் வீடு முழுக்கச் சுத்திப் பாக்கிற ஆள். அறைக்குள்ள இரும்பு அலுமாரி என்னத்துக்கு எண்டு கேட்டா என்ன சொல்லுவியள்?"

"உடுப்பு எண்டு சொல்லுறன்."

"திறந்து காட்டு எண்டா? மனிசி அப்பிடிக் கேக்கிற ஆள்தான். அந்தச் சாமானை இஞ்சை கொண்டு வாங்கோ. ரெண்டு நாளைக்கு என்ர கட்டிலுக்குக் கீழ கிடக்கட்டும்."

அலுமாரித் திறப்பு, அதாவது சாவி, பிரசாந்தினியின் கழுத்துச் சங்கிலியில் இருக்கும். இரண்டாவது திறப்பைச் சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். பிள்ளையாரைத் தாண்டி ஆர் எடுக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கை. இத்தாலியச் சட்டமெல்லாம் படித்த பிள்ளைக்கு அந்த இடத்தில் மட்டும் புத்தி வேலை செய்யவில்லை.

ஞானம்பிகை பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் திறப்பை எடுத்தாள். துவக்கு இரண்டாகக் கழற்றி ஒரு தோல் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் தன் பழைய காஞ்சிபுரச் சேலையால் சுற்றி, சந்தைக்கு இழுத்துக்கொண்டு போகும் சில்லு வண்டிக்குள் இறக்கி, மேலே இரண்டு கட்டுக் கீரையை வைத்தாள். பேருந்து ஏறி, ரயில் நிலையம் போய், பகேரியா ரயிலில் இருந்தாள். மேடையில் நின்ற பொலிஸ்காரன் ஒருவன் அவளைப் பார்த்து வணக்கம் சொன்னான். அவளும் சிரித்தாள். அனுமதி இல்லாதவள் துவக்கைக் கொண்டு திரிவது சிறைக்குப் போகிற குற்றம். அனுமதி உள்ளவள் அதைக் கவனிக்காமல் விட்டதற்கு அவளுடைய பத்திரமும் பறிபோகும், துவக்கும் பறிபோகும். மகள் இதைச் சோற்றோடு பிசைந்து ஊட்டுகிற மாதிரிப் பல தரம் சொல்லியிருக்கிறாள். ஞானம்பிகை அப்போதெல்லாம் "ஓம் ஓம்" என்று தலையாட்டியவள்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காடைக் கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. முதல்நாள் வயலில் பனி. கடற்கரை நகரத்தில் காற்றிலும் ஈரம். அப்படியான நாளுக்கு அடுத்த நாள் துவக்கை இன்னொரு தரம் எண்ணெய்த் துணியால் துடைக்கவேண்டும் என்பது நின்ஃபாவின் கட்டளை. பிரசாந்தினி அலுமாரியைத் திறந்தாள்.

வெறும் அலுமாரி.

அவள் கத்தவில்லை. கதவைச் சாத்தி, திரும்பத் திறந்து பார்த்தாள். பூட்டு உடையவில்லை. கூடத்துக்கு வந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை.

"அப்பா, துவக்கைக் காணேல்லை."

"என்ன?"

"துவக்கு இல்லை. கள்ளர் வந்திருக்கிறாங்கள். நான் பொலிஸுக்குப் போன் அடிக்கப்போறன்."

"பொறு பிள்ளை, பொறு. இண்டைக்கோ? அவையள் வாற நேரத்திலயோ?"

"அப்பா, அந்தத் துவக்கால நாளைக்கு ஒருத்தன் ஆரையாவது சுட்டா? காணேல்லையெண்டா உடன சொல்லவேணும். ஒளிச்சா நானும் குற்றவாளி."

அவள் கைபேசியை எடுத்தாள். ஞானம்பிகை அகப்பையோடு குசினி வாசலில் நின்றாள். சொன்னால் மகளின் கோபம். சொல்லாவிட்டால் வாசலில் பொலிஸ். பிரசாந்தினி இலக்கங்களை அமத்தத் தொடங்கினாள்.

"அடிக்காதை," என்றாள் ஞானம்பிகை. "அது பகேரியாவில இருக்கு. செல்வமலர் வீட்டில."

பிரசாந்தினி தாயைப் பார்த்தாள். கைபேசியைத் தாழ்த்தினாள். குணரத்தினம்தான் கதிரையில் இருந்து எழும்பினார்.

"உனக்கென்ன விசரோ? எப்பிடிக் கொண்டு போனனி?"

"கீரைக்குக் கீழ வைச்சு. ரயிலில."

"அம்மா," என்றாள் பிரசாந்தினி. "உங்களைப் பிடிச்சிருந்தா? இஞ்சை தங்கிற பெர்மெஸ்ஸோவையும் பறிச்சு உங்களைக் கொண்டுபோய் உள்ள வைச்சிருப்பாங்கள். நான் என்ன செய்யிறது? ஒரு மாப்பிளைக்காகவோ?"

"ரெண்டு நாள்தானே எண்டு நினைச்சன்."

"நீங்கள் துவக்கை ஒளிக்கேல்லை அம்மா. என்னை ஒளிச்சிருக்கிறியள்."

ஞானம்பிகை அகப்பையைக் கீழே வைத்தாள். பிரசாந்தினி சப்பாத்தை மாட்டிக்கொண்டே செல்வமலருக்குத் தொலைபேசி அடித்தாள். தானே போய் எடுத்து வருவதுதான் சட்டப்படி சரி.

"அன்ரி, நான் இப்ப வாறன். அந்தப் பெட்டியை ஒருத்தரும் தொடக்கூடாது."

மறுமுனையில் கார் ஓடுகிற சத்தம். "நாங்கள் வெளிக்கிட்டிட்டம் பிள்ளை. அவையள் என்னையும் ஏத்திக்கொண்டு வருகினம்."

"துவக்கு?"

"அதையும் கொண்டுதான் வாறன். பின்னுக்குக் கிடக்கு. என்ர மனிசன் கண்டுபிடிச்சுக் கத்தி, நேற்று முழுக்க நித்திரை இல்லை."

"அன்ரி! காரை நிப்பாட்டச் சொல்லுங்கோ. வழியில மறிச்சா விதுரனைத்தான் பிடிப்பாங்கள். நான் அங்கை வாறன்."

"ஓம் ஓம்," என்றாள் செல்வமலர் திடீரென்று உரத்த குரலில். பக்கத்தில் இருந்த யாரோ என்னவென்று கேட்டிருக்கவேண்டும். "இடியப்ப உரல்தான் பிள்ளை. பத்திரமா இருக்கு." தொடர்பு அறுந்தது.

பெருந்தெருவில் கார்களைப் பொலிஸ் மறித்துப் பார்ப்பது வழக்கம். பிரசாந்தினி யன்னலடியில் கீழே பார்த்தபடி நின்றாள். குணரத்தினம் தண்ணி குடித்தார், திரும்பவும் தண்ணி குடித்தார். ஞானம்பிகை பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்றாள். கும்பிடக் கை எழும்பவில்லை. அந்தப் பிள்ளையாரிடம் இருந்துதானே திறப்பை எடுத்தாள்.

கடைசியில் கார் வந்தது. விதுரனே சில்லு வண்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறினான். லிப்ட் இல்லாத கட்டடம்.

"அன்ரி, உந்த உரலில எத்தனை பேருக்கு இடியப்பம் பிழியிறனீங்கள்?" என்று மூச்சு வாங்கக் கேட்டான். கதவில் பிரசாந்தினி நின்றாள்.

"தாங்கோ," என்று அவன் கையில் இருந்து வாங்கி, நேரே தன் அறைக்குள் கொண்டுபோனாள். ஞானம்பிகை பின்னால் போய்க் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். மகள் காஞ்சிபுரத்தை உரித்தாள். பெட்டியைத் திறந்து துவக்கைப் பொருத்தி, மடக்கி, வெறும் குழல்கள் இரண்டினூடாகவும் யன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாள். பிடியை, பூட்டை, செதுக்கிய காடையை, விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். விழுந்து எழும்பிய குழந்தைக்கு எங்கே அடிபட்டது என்று பார்க்கிற மாதிரி. ஒரு கீறலும் இல்லை. அப்போதுதான் அவள் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு துவக்கை உள்ளே வைத்துப் பூட்டினாள்.

"இண்டைக்கு மட்டும் ஒண்டும் சொல்லாதை ராசாத்தி," என்று ஞானம்பிகை கெஞ்சினாள்.

"நான் சொல்லமாட்டன். கேட்டா, பொய்யும் சொல்லமாட்டன்."

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். விதுரனின் தாய் உண்மையிலேயே சுற்றிப் பார்க்கிற ஆள்தான். ஆனால் பசி அதை விடப் பெரிது. காடைக் கறி வந்ததும் கதை நின்றுவிட்டது. விதுரனின் தகப்பன் எலும்பைக்கூட விடவில்லை.

"கத்தானியாவில இப்பிடிக் காடை நாங்கள் காணேல்லை," என்றாள் விதுரனின் தாய், இன்னொன்றைப் போட்டுக்கொண்டு. "கடையில வாங்கிறது பஞ்சு மாதிரி. இது என்ன ருசி! எங்கை வாங்கினியள்?"

பிரசாந்தினி தாயைப் பார்த்தாள். குணரத்தினம் தன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார்.

"இஞ்சை போர்கோ வெக்கியோச் சந்தையிலதான்," என்றாள் ஞானம்பிகை. பழகிய பொய், வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது.

அடுத்த வாயிலேயே விதுரனின் தாய் "ஆ!" என்றாள். கன்னத்தைப் பிடித்தாள். வாய்க்குள் இருந்து எதையோ எடுத்துக் கோப்பை விளிம்பில் வைத்தாள். "டிங்" என்றது. சாம்பல் நிறத்தில் கடுகளவு உருண்டை.

"இதென்ன?"

"தாளிச்ச கடுகாயிருக்கும் அக்கா," என்றாள் செல்வமலர் அவசரமாக.

"கடுகு டிங் எண்டு சொல்லுமோ?" விதுரனின் தகப்பன் அதை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "இது சன்னமப்பா. காட்டுக் காடை. சுட்டிருக்கிறாங்கள்."

"அப்ப கள்ளமாச் சுட்டு விக்கிறாங்கள்," என்றாள் விதுரனின் தாய். முகம் சுளித்தது. "களவாச் சுடுற கழிசடையள். பிடிச்சு உள்ள போடவேணும். எங்கட சனமும் மலிவெண்டா வாங்கிறதுதானே."

கழிசடை. களவு. அந்த இரண்டு சொற்களும் ஞானம்பிகையின் காதில் விழுந்தன. தாழப் பறக்கிற காடையைச் சுடாத பிள்ளை. அளவுக்கு மேல் ஒன்று சுடாத பிள்ளை. பெண் பார்க்க ஆட்கள் வருகிற நேரத்திலும் பொலிஸுக்கு உண்மையைச் சொல்லக் கைபேசியைத் தூக்கிய பிள்ளை. அவளை இந்த மனிசி கள்ளி என்கிறாள். சொல்ல வைத்தது யார்? தான்தான். தன்னுடைய பொய்தான். பிரசாந்தினி தலை நிமிர்ந்தபடி இருந்தாள். கொடுத்த வாக்குக்காக வாய் திறக்கவில்லை.

ஞானம்பிகை கறிச் சட்டியை மேசையில் வைத்தாள். கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

"களவு இல்லை. என்ர மகள் சுட்டது."

செல்வமலர் "அக்கா!" என்றாள்.

"நீ பொறு. சந்தையில வாங்கினது எண்டு நான் சொன்னது பொய். நேற்று விடியக் காலமை இவள் வயலுக்குப் போய்ச் சுட்டுக்கொண்டு வந்தவள். இவளிட்டை லைசென்ஸ் இருக்கு. சோதனை எழுதி எடுத்தவள். நின்ஃபா எண்டொரு இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா, பெத்த மகனுக்குக் குடுக்காமல் தன்ர பரம்பரைத் துவக்கை இவளுக்குக் குடுத்திருக்கிறா. உள்ள அலுமாரியில கிடக்கு."

கையில் எடுத்த காடைகள் கோப்பைக்குத் திரும்பின.

"துவக்கோ? வீட்டுக்குள்ளயோ?" என்றாள் விதுரனின் தாய்.

"நான் தூக்கிக்கொண்டு வந்த உரல்..." என்று விதுரன் இழுத்தான்.

"அதுதான் தம்பி. இவளுக்குத் தெரியாமல் நான்தான் எடுத்துச் செல்வமலரிட்டைக் குடுத்தது. உங்கட கண்ணில படக்கூடாதெண்டு."

விதுரனின் தகப்பன் எழும்பினார். முகம் சிவந்துவிட்டது. "எங்கட பிள்ளையை வழியில பிடிச்சிருந்தா? அவன்ர வேலை என்னாகிறது? இதென்ன விளையாட்டு?"

"விளையாட்டு இல்லை ஐயா. பெரிய பிழை," என்றாள் ஞானம்பிகை. கையைக் கூப்பினாள். "அதுக்கு என்னை எவ்வளவும் பேசுங்கோ. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன். ஆனா அவளைப் பேசாதேங்கோ. அவள் ஒரு பிழையும் செய்யேல்லை."

"ஒரு பிழை செய்தனான் அம்மா," என்றாள் பிரசாந்தினி. "மற்றத் திறப்பைப் பிள்ளையாரிட்டைக் குடுத்து வைச்சது."

விதுரன் சிரித்துவிட்டான். தாய் முறைத்த முறைப்பில் சிரிப்பு நின்றது.

"பகிடியே?" என்றாள் அவள். "துவக்குப் பிடிக்கிற கை நாளைக்கு எங்கட வீட்டில குத்துவிளக்கு ஏத்துமோ?"

"நேற்று விடியக் காலமை இந்தக் கைதான் துவக்குப் பிடிச்சது," என்றாள் ஞானம்பிகை. அவள் குரல் இப்போது இறங்கியிருந்தது, நடுக்கம் இல்லை. "பின்னேரம் இந்தக் கைதான் எங்கட சனத்தின்ர குஞ்சுகுருமனுக்கு அ, ஆ பிடிச்சு எழுதிக் காட்டினது. இப்ப நீங்கள் திருப்பித் திருப்பிப் போட்டுச் சாப்பிட்ட காடையும் இந்தக் கையாலதான் வந்தது. ருசி வேணும், கை வேண்டாமோ?"

வந்தவர்கள் மேசையை விட்டு எழும்பினார்கள். கை கழுவினார்கள். தேத்தண்ணி குடிக்க நேரம் இல்லை, தூரம் போகவேண்டும் என்றார்கள். தாயும் தகப்பனும் படி இறங்கத் தொடங்கினார்கள். விதுரன் மட்டும் கதவடியில் திரும்பி நின்றான்.

"பிரசாந்தினி, தூக்கிக்கொண்டு வந்ததுக்கு என்னைக் குவெஸ்தூராப் பொலிஸில கூப்பிடுவினமோ?"

"கூப்பிட்டா நான் வந்து சாட்சி சொல்லுறன். இடியப்ப உரலெண்டு நம்பித்தான் தூக்கினவர் எண்டு."

"அந்தத் துவக்கை ஒருக்காப் பாக்கலாமோ? இண்டைக்கு இல்லை. பேந்து எப்பவாவது."

"பாக்கலாம். தொடேலாது."

கீழே இருந்து "விதுரன்!" என்று தாயின் குரல் இரண்டு மாடி ஏறி வந்தது. அவன் இறங்கிப் போனான். இனி வருவானா என்பது அவன் பாடு. வராவிட்டாலும் இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை.

செல்வமலர் கதிரையில் பொத்தென்று இருந்தாள். "நல்ல குடும்பம். சொந்த வீடு. ஒரு கடுகெண்டு சொல்லி விட்டிருந்தா முடிஞ்சிருக்கும் அக்கா. எல்லாத்தையும் கெடுத்துப் போட்டியள்."

ஆட்கள் வந்ததில் இருந்து குணரத்தினம் வாயே திறந்திருக்கவில்லை. சட்டியில் மிஞ்சிய காடையைத் தன் கோப்பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இனி ஆருக்காவது கறி குடுத்தா, மகள் சுட்டதெண்டு சொல்லித்தான் குடுப்பன். கேக்கக் கூச்சப்படுறவன் சாப்பிடத் தேவையில்லை."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே அப்பா," என்றாள் பிரசாந்தினி.

"சொல்லியிருக்கலாம்தான் பிள்ளை," என்றார் அவர். தலையை நிமிர்த்தவில்லை.

ஞானம்பிகை தன் சட்டைக்குள் செருகி வைத்திருந்த இரண்டாவது திறப்பை எடுத்தாள். மகளின் உள்ளங்கையில் வைத்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"இதை நீயே வைச்சிரு. எனக்கும் வேண்டாம், பிள்ளையாருக்கும் வேண்டாம். நேற்று நான் செய்த வேலையால உன்னையும் இழந்திருப்பன், இந்த ஊரையும் இழந்திருப்பன். இனி அந்த அலுமாரியில என்ர கை படாது."

பிரசாந்தினி திறப்பைச் சங்கிலியில் கோத்தாள். பிறகு தாயின் தோளில் தலையைச் சாய்த்தாள். எண்ணெய் வாசமும் மிளகு வாசமும் அந்த இடத்தில் சண்டை பிடிக்கவில்லை.

"இனி நான் ஆரிட்டைப் போய் இவளுக்குச் சம்பந்தம் கேக்கிறது?" என்று செல்வமலர் முணுமுணுத்தாள். "துவக்கு இருக்கெண்டு சொல்லியோ கேக்கிறது?"

"ஓம், அதையே முதல்ல சொல்லு," என்றாள் ஞானம்பிகை. "கேட்டுப் போட்டும் வாறவன் வரட்டும். செல்வமலர், பூட்டி வைக்கவேண்டியது துவக்கை. பெத்த பிள்ளையை இல்லை."